காகித அட்டையில் தையல் இயந்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையால் செய்த வாழ்த்து அட்டையில் நூல் தையல் ஓடியிருப்பதைப் பார்ப்பவர்கள் முதலில் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார்கள். பிறகு கேள்விகள் வரிசையாக வரும். யார் கேட்டாலும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்துவிடலாம் என்று தோன்றியது. பின்னால் உள்ள பதில்கள் சில, முன்னால் சொன்னவற்றை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. எனவே முதல்முறை வரிசையாகவே படித்துவிடுங்கள்.

வீட்டில் துணி தைக்கும் சாதாரண இயந்திரம்தான் இருக்கிறது. அதில் காகிதம் தைத்தால் கெட்டுப்போகாதா?

கெடாது. ஜீன்ஸ் துணியின் மடிப்பைத் தாண்டிப் போகும் இயந்திரத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை பெரிய சுமை இல்லை. கெடுவது ஊசிதான். காகிதத்தில், அதிலும் வழவழப்பான அச்சுத் தாளில், சுண்ணாம்புத் தூளும் வெண்களிமண்ணும் சேர்த்திருப்பார்கள். அவை ஊசி முனையைத் துணியைவிட வேகமாகத் தேய்த்துவிடும். காகிதம் தைத்த ஊசியை மாற்றாமல் பட்டுத் துணியைத் தைத்தால் இழை இழுத்துக்கொள்ளும்.

ஆகவே காகிதத்துக்கென்று தனி ஊசி வைத்துக்கொள்ளுங்கள். ஊசியின் தடித்த மேல்பகுதியில் ஒரு புள்ளி நகப்பூச்சு வைத்துவிட்டால் எது துணி ஊசி, எது காகித ஊசி என்ற குழப்பம் வராது. இன்னொரு தொல்லை தூசி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எத்தனையாம் நம்பர் ஊசி போட வேண்டும்?

பெரும்பாலான அட்டைகளுக்கு 80/12 போதும். மெல்லிய தாளுக்கு 70/10, இரண்டு மூன்று அடுக்கு சேர்ந்த கனத்த அட்டைக்கு 90/14. சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் எண், ஊசித் தண்டின் விட்டத்தைச் சொல்கிறது: 80 என்றால் 0.8 மி.மீ. கனமான அட்டைக்குத் தடித்த ஊசிதான் வேண்டும் என்று பலர் நேராக 100/16க்குப் போய்விடுகிறார்கள். துணியில் அது நடக்கும். ஊசி வெளியே வந்ததும் துணியின் இழைகள் ஒன்றுகூடி ஓட்டையை மூடிவிடும். காகிதத்தில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். இந்தப் பக்கத்தில் இனி வரும் யோசனைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறந்தவை.

முனை கூராக இருக்க வேண்டும். பனியன் துணிக்கான உருண்டை முனை ஊசி, இழைகளை விலக்கிக்கொண்டு போவதற்காகச் செய்யப்பட்டது. காகிதத்தில் விலகுவதற்கு எதுவும் இல்லாததால் மறுபக்கத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். தோல் தைக்கும் ஊசியும் வேண்டாம். அதன் முனை கத்திபோல் கீறிக்கொண்டு இறங்கும், காகிதத்தில் அந்தக் கீறல் பிறகு விரியும். ஜீன்ஸ் ஊசி கூராகவும் விறைப்பாகவும் இருப்பதால் கனத்த அட்டைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஊசி மழுங்கியதைக் காது சொல்லிவிடும். புது ஊசி காகிதத்தில் இறங்கும்போது உலர்ந்த 'டிக் டிக்' சத்தம் வரும், மழுங்கியது 'டொப் டொப்' என்று குத்தும். சந்தேகமாக இருந்தால் அட்டையின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மெல்லிய வரம்பு இருப்பது இயல்பு. அந்த வரம்பு கிழிந்து செதில் செதிலாக நின்றால் ஊசியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

தைத்து முடித்த பிறகு தையல் கோட்டிலேயே அட்டை கிழிந்து வருகிறது. என்ன காரணம்?

தையல் நெருக்கமாக விழுந்திருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.8 மி.மீ. ஊசி, தையல் நீளம் 1.5 மி.மீ. என்றால், இரண்டு துளைகளுக்கு நடுவே மிஞ்சும் காகிதம் 0.7 மி.மீ. மட்டுமே. அதாவது கோட்டில் பாதிக்கும் மேல் காகிதமே இல்லை. அஞ்சல் தலைத் தாளைக் கிழித்துப் பிரிக்க இதே உத்தியைத்தான் கையாள்கிறார்கள். தையல் நீளத்தை 3.5 மி.மீ. ஆக்கினால் நடுவே 2.7 மி.மீ. காகிதம் நிற்கும். அது தாங்கும்.

துணிக்கு இயந்திரம் வழக்கமாக வைத்திருக்கும் 2.5 மி.மீ. நீளத்தை 3 முதல் 4 மி.மீ. வரை கூட்டிக்கொள்ளுங்கள். பழைய இயந்திரங்களில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று குறித்திருக்கும். அதில் 6 முதல் 8 வரை என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு மில்லிமீட்டருக்கு மேல் போனால் கிழியாதுதான், ஆனால் நூல் தொளதொளவென்று நின்று நகத்தில் மாட்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு ஓட்டுவதானால் நடுவே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒரே கோட்டின் மேல் இரண்டாம் முறை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

எந்தக் காகிதம் நல்லது? கையால் செய்த காகிதம் சீக்கிரம் கிழிந்துவிடும் என்கிறார்களே?

பருத்தித் துணித் துண்டுகளிலிருந்து செய்த நல்ல கைக்காகிதத்தைப் பற்றி அப்படிச் சொல்வது அநியாயம். அதன் இழைகள் நீளமானவை. அதோடு, கூழை அச்சுச் சல்லடையில் அள்ளிக் குலுக்கும்போது அந்த இழைகள் எல்லாத் திசையிலும் பின்னிக்கொள்கின்றன. ஆலைக் காகிதத்தில் கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படுத்துவிடும். ஒரு செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகவும், மறுபக்கமாகக் கிழித்தால் கோணலாகவும் போவது அதனால்தான். அந்த நேர் திசைக்கு இணையாகத் தைத்த கோடு எளிதில் கிழியும், குறுக்கே தைத்தது நிற்கும். கைக்காகிதத்தில் இந்தக் கவலை அனேகமாக இல்லை.

கனம் 150 முதல் 250 ஜி.எஸ்.எம். வரை இருந்தால் வசதி. ஒரு சதுர மீட்டர் தாளின் எடை இத்தனை கிராம் என்பதே அந்த எண். வீட்டு அச்சுப்பொறியில் போடும் தாள் 70 அல்லது 80. மல்பெரிப் பட்டையில் செய்யும் ஜப்பானிய வாஷி, நேபாளத்தின் லோக்தா ஆகியவை விதிவிலக்கு. மெல்லியதாக இருந்தாலும் இழை நீளமாக இருப்பதால் தையலை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

எச்சரிக்கை வேண்டியது அழகுக்காக எதையாவது கலந்த காகிதங்களில். பூவிதழ், வைக்கோல், இலைக் காம்பு, விதை கலந்த தாள்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள். இதழ் பிரச்சினை இல்லை. காம்பிலும் விதையிலும் ஊசி வழுக்கி வளையும், வேகமாக ஓட்டினால் ஒடியும். கோட்டை அரை அங்குலம் தள்ளிப் போட்டால் தீர்ந்தது. பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும், பசை ஏற்றாத தாளும் தைக்கச் சிரமம்தான். அது தூசியாகக் கொட்டும், துளையும் பெரிதாகும்.

நூல் எதைப் போடுவது? பட்டுப்போல் மின்னும் நூல், ஜரிகை நூல் எல்லாம் வேலைக்கு ஆகுமா?

சாதாரண பாலியெஸ்டர் நூல் எல்லாவற்றுக்கும் ஆகும். கைக்காகிதத்தின் மங்கலான மேற்பரப்போடு பருத்தி நூல் இன்னும் நன்றாகச் சேர்ந்துபோகும் என்பது என் கட்சி. மின்னும் ரேயான் நூலும் ஓடும். ஜரிகை நூலுக்கு மட்டும் கண் பெரிதான ஊசி வேண்டும், வேகம் குறைய வேண்டும், மேல் நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, தளர்த்த வேண்டும். இல்லையென்றால் மேலே சுற்றிய தகடு உரிந்து ஊசிக் கண்ணில் திரளும்.

ஊசிக் கண்ணில் நுழையாத தடித்த அலங்கார நூலுக்கு ஒரு வழி உண்டு. அதைப் பாபினில், அதாவது கீழ் நூல் சுற்றும் சிறு உருளையில், கையால் சுற்றிக்கொண்டு, அட்டையைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து தையுங்கள். கீழ் நூல்தான் முன்பக்கம் தெரியும். இதற்குப் பாபின் உட்காரும் சிறு கூட்டின், அதாவது பாபின் கேஸின், திருகைத் தளர்த்த வேண்டியிருக்கும். எனவே தனி கேஸ் ஒன்று வைத்துக்கொள்வது உத்தமம். ஒருமுறை தளர்த்திய திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பொறுமையைச் சோதிக்கும்.

தைத்த தாள் சுருண்டு வளைகிறது. கீழ் நூல் புள்ளி புள்ளியாக மேலே தெரிகிறது. எதை மாற்றுவது?

மேல் நூலின் டென்ஷன் அதிகம். இரண்டு நூல்களும் ஒன்றையொன்று பின்னும் முடிச்சு, துணியில் என்றால் அதன் தடிமனுக்குள் ஒளிந்துகொள்ளும். அட்டையில் ஒளிவதற்கு அவ்வளவு இடம் கிடையாது. மேல் நூல் இறுக்கமாக இருந்தால் கீழ் நூலை மேலே இழுத்துவிடும், துளைகளுக்கு நடுவே காகிதத்தையும் அறுக்கப் பார்க்கும். வழக்கமான நிலை 4 என்றால் 3க்கும், தேவைப்பட்டால் 2க்கும் இறக்குங்கள். பின்பக்கம் வளையம் வளையமாகத் தொங்கினால் அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டீர்கள்.

மேலும் கீழும் ஒரே நிற நூல் போட்டால் சின்னச் சின்னக் குறைகள் கண்ணுக்குத் தெரியாது. சோதனைத் தையலை வேறு ஏதோ பழைய தாளில் போடாமல், அதே தாளிலிருந்து வெட்டிய துண்டில் போடுங்கள். கனம் மாறினால் டென்ஷனும் மாறும்.

தொடங்கும்போதே நூல் சிக்கி, தாளின் முனை கீழே இழுபட்டுக் கசங்கிவிடுகிறது.

இரண்டு தவறுகள் சேர்ந்தால் இப்படி ஆகும். ஒன்று, சரியாக ஓரத்திலேயே தொடங்குவது. கைக்காகிதத்தின் ஓரம் பிசிறாக, மெலிந்து இருக்கும். ஊசி இறங்கும்போது அதைத் தட்டின் ஓட்டைக்குள் தள்ளிவிடும். ஓரத்திலிருந்து 4, 5 மி.மீ. உள்ளே தொடங்குங்கள். இன்னொன்று, நூல் முனைகளைப் பிடிக்காமல் விடுவது. இரண்டு நூலையும் ஒரு சாண் அளவு பின்னால் இழுத்துவிட்டு, முதல் இரண்டு மூன்று தையல் விழும்வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் துளையைக் கைச் சக்கரத்தைச் சுற்றியே போடுங்கள். பெடலை அதன் பிறகு தொடலாம்.

ஓரத்திலிருந்தே கோடு தொடங்கினால்தான் அழகு என்றால், தாளுக்கு அடியில் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளை ஓரத்துக்கு வெளியே நீளும்படி வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுத்துவிடலாம்.

தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் தையல் போட்டு உறுதிப்படுத்த வேண்டாமா?

வேண்டாம். ரிவர்ஸ் போட்டால் அரை அங்குலத்துக்குள் துளைகள் இரட்டிப்பாகும். கிழிசல் கேள்வியில் போட்ட கணக்கு அங்கே உங்களுக்கு எதிராக வேலை செய்யும். நூலை நீளமாக விட்டு வெட்டுங்கள். பின்பக்கத்து நூலை மெல்ல இழுத்தால் மேல் நூல் ஒரு சின்ன வளையமாகத் தலைகாட்டும். அதை ஊசி முனையால் வெளியே எடுத்து, இரண்டையும் முடிச்சிட்டு, மேலே ஒரு சொட்டுப் பசையோ சிறு ஒட்டுநாடாவோ வைத்தால் போதும். முன்பக்கம் இரண்டு அங்குல நூலைத் தொங்கவிடுவதும் ஒரு பாணி. பிடித்தால் செய்யுங்கள்.

கணினி வகை இயந்திரங்களில் தொடங்கும்போது தானாகவே நாலைந்து குட்டித் தையல் போட்டுப் பூட்டும் வசதி இருக்கும். அதை முதலில் அணைத்துவிடுங்கள். ஒரே இடத்தில் பொத்தல் விழுவதற்குப் பல நேரங்களில் அதுவே காரணம்.

இரண்டு தாள் அடுக்கைக் குண்டூசி குத்தாமல் எப்படி நகராமல் வைப்பது? பசை போட்டால் ஊசி ஒட்டிக்கொள்கிறதே?

காகிதத்தில் குண்டூசியும் துளைதான், போகாது. ஓரத்தில் கிளிப் போட்டு, தையல் நெருங்கும்போது ஒவ்வொன்றாக எடுக்கலாம். நடுவில் பிடிக்க வேண்டுமென்றால் கோந்துக் குச்சியால் ஒரு சின்னத் தொடுகை, அதுவும் தையல் கோடு போகாத இடத்தில். காயும்வரை காத்திருக்க வேண்டும்.

இருபக்க ஒட்டுநாடாவின் மேல் தைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஊசியில் பிசின் ஏறி, நூல் அறுந்து, தையல் விட்டுவிட்டு விழும். ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தால், ஊசியைக் கழற்றி ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். நீர்ப்பசை இன்னொரு வகையில் கெடுதல். தாளை நெளியச் செய்யும், அழுத்தமான சிவப்பு, நீல நூல்களின் சாயத்தையும் சில சமயம் கசியவிடும்.

கோடு நேராக வரமாட்டேன் என்கிறது. பென்சிலில் கோடு போட்டால் அழிக்கும்போது நூல் அழுக்காகிறது.

காகிதத்தில் கோடு போடாதீர்கள், இயந்திரத்தில் போடுங்கள். ஊசியிலிருந்து வேண்டிய தூரத்தை அளந்து, இயந்திரத்தின் தட்டில் ஒரு வண்ண ஒட்டுநாடாவை நேராக ஒட்டிவிட்டால், தாளின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகும். கண் அந்த நாடாவைப் பார்க்க வேண்டும், ஊசியைப் பார்க்கக் கூடாது. ஊசியைப் பார்த்தபடி ஓட்டுபவர்களின் கோடு பாம்பாக நெளியும். பிசிறு ஓரமுள்ள கைக்காகிதத்துக்கு இது பொருந்தாது. அதற்கு, சதுரமாக வெட்டிய ஒரு தாள் துண்டைச் சற்றே ஒட்டும் நாடாவால் மேலே ஒட்டி, அதன் ஓரமாகத் தைத்துவிட்டுப் பிரித்தெடுங்கள்.

தாளை இழுக்காதீர்கள், தள்ளவும் செய்யாதீர்கள். துணியில் பழகிய கை தானாக இழுக்கும். இழுத்தால் ஊசி துளைக்குள் இருக்கும்போதே தாள் நகர்ந்து, வட்டத் துளை நீள்துளையாகிவிடும்.

மூலையில் திரும்புவது, வட்டம் தைப்பது எப்படி?

மூலைக்கு வந்ததும் ஊசியைக் கீழே இறக்கி நிறுத்தி, தாளை அழுத்திப் பிடிக்கும் இயந்திரக் காலை உயர்த்தி, அட்டையைத் திருப்பி, காலை இறக்கித் தொடரலாம். துணியில் செய்வதுதான். கடைசி ஒன்றிரண்டு தையலைக் கைச் சக்கரத்தில் ஓட்டினால் மூலை சரியான இடத்தில் விழும்.

வட்டம் வேறு கதை. துணி கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அட்டை விறைப்பாக நிற்கும். இரண்டு மூன்று தையலுக்கு ஒருமுறை ஊசியை இறக்கி, காலை உயர்த்தி, ஒரு துளி திருப்ப வேண்டும். சின்ன வட்டத்துக்கு நீளத்தை 2.5 மி.மீ. வரை குறைக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கும் சிறிய வட்டத்தைக் கையால் தைப்பதே மரியாதை.

அட்டையின் அடிப்பக்கம் வரிவரியாகப் பல் தடம் விழுகிறது.

தாளை நகர்த்தும் இரும்புப் பற்களின் வேலை அது. காலின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு உங்கள் இயந்திரத்தில் இருந்தால் குறையுங்கள். இல்லையென்றால் அடியில் டிஷ்யூ தாள் வைத்துத் தையுங்கள். மேல்பக்கம் பளபளப்புத் தடம் விழுந்தால் உலோகக் காலுக்குப் பதில் டெஃப்லான் கால் மாட்டலாம்.

மடித்த அட்டையின் முகப்பில் தைத்தால் உள்பக்கம் நூல் அசிங்கமாகத் தெரிகிறது. அதை எப்படி மறைப்பது?

மறைக்கும் நிலையே வராமல் செய்வது மேல். தையல் வேலையை எல்லாம் தனித் தாளில் முடித்து, முடிச்சுகளோடு அந்தத் தாளை அட்டையின் முகப்பில் ஒட்டிவிடுங்கள். என் அட்டைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். தனித் தாள் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம், அட்டை தப்பிக்கும்.

முகப்பிலேயே நேராகத் தைக்க விரும்பினால் அட்டையை விரித்துப்போட்டுத் தைத்து, உள்பக்கம் ஒரு மெல்லிய தாளை ஒட்டுங்கள். செய்தியை அந்தத் தாளில், ஒட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஒட்டிய பிறகு எழுதினால் அடியில் இருக்கும் நூல் மேட்டில் பேனா ஏறி இறங்கும்.

சில இடங்களில் தையல் விழாமல் தாண்டிப் போகிறது. ஊசி புதிது, பசையும் இல்லை.

ஊசி அடிவரை இறங்கிச் சற்றே ஏறும்போது அதன் பின்னால் நூல் ஒரு சின்ன வளையமாகப் புடைக்கும். கீழே சுழலும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்தால்தான் ஒரு தையல். காகிதம் ஊசியைக் கவ்விக்கொண்டு அதோடு சேர்ந்து மேலே எழும்பினால் வளையம் உருவாகாது, கொக்கி வெறுமனே சுற்றும். தாள் ஊசியோடு துள்ளுகிறதா என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். துள்ளினால் காலின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். பல் தடத்துக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர் என்பது எனக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது அழுத்தத்தைக் கூட்டி அடியில் டிஷ்யூ வைக்க வேண்டும்.

ஜிக்ஜாக் இயந்திரங்களின் தட்டில் ஊசி ஓட்டை அகலமாக இருக்கும். நேர்த் தையலுக்கான, சின்ன வட்ட ஓட்டையுள்ள தட்டு கிடைத்தால் மாட்டுங்கள். தாள் தொய்வதும் துள்ளுவதும் பெருமளவு நின்றுவிடும். ஊசி முழுதாக மேலே ஏற்றி மாட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஜிக்ஜாக், பூ வேலைத் தையல்கள் எல்லாம் போடலாமா?

ஜிக்ஜாக் போடலாம். அகலம் 3 முதல் 4 மி.மீ., நீளம் 2 மி.மீ.க்குக் குறையாமல். நெருக்கமாக நிரப்பும் சாட்டின் தையல் காகிதத்தை இரண்டாக வெட்டிவிடும். பூ வேலைத் தையல்களில் ஒரே துளைக்குள் திரும்பத் திரும்ப இறங்குபவை பல. முதலில் நூல் இல்லாமல் ஒரு துண்டில் ஓட்டி, துளைகளை வெளிச்சத்தில் பாருங்கள். துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் அந்தத் தையலை விட்டுவிடுங்கள். துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தை இந்த வேலைக்கு அழைக்காதீர்கள். அதன் கத்தி காகிதத்தில் மழுங்கும்.

கால்மிதி இயந்திரம் இதற்கு ஒத்துவருமா? தையல் கடையில் இருக்கும் மோட்டார் இயந்திரம்?

பழைய நேர்த்தையல் கால்மிதி இயந்திரம் காகிதத்துக்கு அருமையான துணை. ஊசி ஓட்டை சிறியது, வேகம் உங்கள் காலில் இருக்கிறது. சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தால் நினைத்த இடத்தில் நிற்கும். தொடங்கும்போது சக்கரம் பின்னோக்கிச் சுற்றிவிடாமல் கையால் முன்னோக்கித் தள்ளிவிட்டு மிதியுங்கள். கையால் சுற்றும் இயந்திரம் இருந்தால் இன்னும் நல்லது. துணிக்கு இரண்டு கையும் வேண்டும், அட்டைக்கு ஒரு கை போதும்.

தொழிற்சாலை இயந்திரம் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் தையல் போடுவது. வேகத்தை இறக்க முடிந்தால் தைக்கலாம். எண்ணெய்த் தெறிப்பைக் கவனியுங்கள். வீட்டு இயந்திரத்தின் ஊசி அதற்குப் பொருந்தாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

தவறான இடத்தில் தைத்துவிட்டேன். பிரித்தால் ஓட்டைகள் தெரியுமா?

தெரியும். நூலைப் பிரித்த பிறகு, பின்பக்கத்து வரம்புகளை நகத்தாலோ கரண்டியின் முதுகாலோ மெல்லத் தேய்த்து அழுத்தினால் கைக்காகிதத்தில் துளை ஓரளவு சுருங்கும். ஆலைத் தாளில் அவ்வளவாகச் சுருங்காது. தவறு சிறிதென்றால் அதே துளைகளில் கையூசியால் தைத்துச் சரிசெய்யலாம். இயந்திரத்தில் அதே துளைகளைப் பிடிப்பேன் என்று முயல்வது வீண். ஒன்றிரண்டு துளை தள்ளிப்போனாலும் கிழிசலுக்கு வழி. பெரிய தவறென்றால் அதன் மேல் ஒரு துணித் துண்டோ இன்னொரு தாளோ வைத்துத் தைத்து, திட்டமிட்டே செய்ததுபோல் காட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அட்டையில் துணி, உலர்ந்த இலை, புகைப்படம் வைத்துத் தைக்கலாமா?

துணி சுலபம். துணியை மேலே, தாளைக் கீழே வைத்துத் தையுங்கள். தாளே துணிக்கு விறைப்புக் கொடுத்துத் தாங்கும். உலர்ந்த இலை நொறுங்கும். புத்தகத்தில் அழுத்திய, இன்னும் சற்றே வளையும் பதத்தில் இருக்கும் இலை என்றால் நடுநரம்பின் மேல் ஒரே ஒரு கோடு, 4 மி.மீ. நீளத்தில். புகைப்படத் தாளில் பூச்சு இருப்பதால் துளை கூர்மையாக விழும், 70 ஊசி போதும். காலுக்கடியில் கீறல் விழாமல் மேலே டிஷ்யூ வைத்துக்கொள்ளுங்கள். மூலப் படத்தைத் தைக்காதீர்கள், நகல் எடுத்துத் தையுங்கள்.

நூலே இல்லாமல் தைப்பதாகக் கேள்விப்பட்டேன். எதற்கு?

மேல் நூலையும் பாபினையும் எடுத்துவிட்டு ஓட்டினால் வரிசையான துளைகள் மட்டும் விழும். அதில் கையால் வேண்டிய நூலைக் கோத்துப் பூவேலை செய்யலாம். இடைவெளி அச்சுப் பிசகாது. கிழித்தெடுக்கும் சீட்டு வேண்டுமென்றால் நீளத்தை 1.5 மி.மீ. ஆக்குங்கள். கிழிசல் கேள்வியில் தொல்லையாக வந்த அதே கணக்கு இங்கே உதவும். அட்டையின் பின்பக்கமிருந்து குத்தினால் முன்பக்கம் புடைத்த புள்ளிகளாக, நூலில்லாமலே ஒரு அலங்காரம் கிடைக்கும்.

எம்பிராய்டரி இயந்திரத்தில் காகிதத்தை வளையத்தில் மாட்டினால் கசங்குகிறது.

காகிதத்தை வளையத்தில் மாட்டக் கூடாது. கிழித்தெடுக்கும் வகைப் பின்தாளை வளையத்தில் இழுத்து மாட்டி, அதன் மேல் அட்டையை வைத்து, வடிவம் வராத ஓரங்களில் ஒட்டுநாடா போட்டுப் பிடியுங்கள். கோட்டோவியம்போல் ஒற்றைத் தையலில் ஓடும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே நிரப்பும் வடிவங்கள் துணிக்கானவை. வடிவத்தைச் சிறிதாக்கினால் தையல் நெருக்கமாகிவிடலாம் என்பதையும் கவனத்தில் வையுங்கள். வேகத்தை இருப்பதிலேயே குறைவாக வையுங்கள். பின்தாளைக் கிழிக்கும்போது தையலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிழியுங்கள்.

நாலைந்து தாளை நடுவில் தைத்துக் குட்டிப் புத்தக அட்டை செய்ய முடியுமா?

முடியும். தாள்களை மடித்து, விரித்து, மடிப்புக் கோட்டின் மேலேயே வெளிப்பக்கத்திலிருந்து தையுங்கள். ஊசி 90, நீளம் 4 மி.மீ. மொத்தக் கனம் சோதனைத் துண்டில் ஊசி தடுமாறாமல் இறங்கும் அளவுக்குள் இருக்கட்டும். மடித்த பிறகு உள்தாள்கள் வெளியே துருத்தும். எனவே ஓரத்தைத் தைத்து முடித்த பின்னரே சமமாக வெட்டுங்கள்.

காகிதத் தூசியை என்ன செய்வது? அடுத்துத் துணி தைக்க வேண்டும்.

ஊசித் தட்டைக் கழற்றினால் பற்களுக்கு நடுவிலும் பாபின் கேஸைச் சுற்றியும் வெளிர் மாவுபோல் படிந்திருக்கும். எண்ணெயோடு சேர்ந்தால் அது களிம்பாகி இறுகும். எனவே அட்டை வேலை முடிந்த அன்றே தூரிகையால் துடைத்தெடுங்கள். மூலையில் இருப்பதைச் சிறு இடுக்கியால் எடுக்கலாம். வாயால் ஊதாதீர்கள். தூசி இன்னும் உள்ளே போகும், மூச்சின் ஈரம் உலோகத்தில் படியும். டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே ஒரு துண்டு நூலை முன்னும் பின்னும் இழுத்தால் அங்கே மாட்டியிருக்கும் இழைகள் வெளியே வந்துவிடும்.

பிறகு நகப்பூச்சுப் புள்ளி வைத்த ஊசியைக் கழற்றித் துணி ஊசியை மாட்டி, கழிவுத் துணியில் ஒரு கோடு ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் போட்டிருந்தால் அந்தக் கோட்டை இன்னும் நீளமாக ஓட்டுங்கள், அடுத்து வருவது அட்டை என்றால் கட்டாயமாக. துணியில் பட்ட எண்ணெயைத் துவைத்து எடுக்கலாம், காகிதத்தில் பட்டதை எடுக்க வழியில்லை.